இருபத்திரண்டு மணி நேரப் புன்னகை

கிருபாசங்கருக்கு மேல்வரிசையில் ஒரு பல், பக்கத்துப் பல்லின் தோளில் கை போட்ட மாதிரி சாய்ந்து நின்றது. முப்பத்திரண்டு வயது வரைக்கும் அப்படித்தான் நின்றது. கரும்பு கடித்தது, நிலக்கடலை கொறித்தது, கறிச்சோற்றில் எலும்பு உடைத்தது, யார் வம்புக்கும் போகவில்லை. சிங்காநல்லூரில் மூன்று லேத்து போட்டுப் பட்டறை நடத்துகிறவனுக்குப் பல் எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன? பம்புசெட்டுக்குக் கடைந்து கொடுக்கிற ஷாஃப்ட் நேராக இருந்தால் போதாதா?

போதாது என்றார் கல்யாணத் தரகர். எட்டு ஜாதகம் போய் எட்டும் திரும்பி வந்திருந்தது. இப்போதெல்லாம் கொங்கு நாட்டில் பையனுக்குப் பெண் தேடுகிறவர்கள் படுகிற பாடு ஊருக்கே தெரியும். அதை விவரமாக எழுதினால் எனக்கே வயிறெரியும், விட்டுவிடுகிறேன். எட்டாவது ஜாதகம் திரும்பிய அன்று தரகர் பையனின் போட்டோவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பையன் லட்சணமாத்தானுங்க இருக்கறான். சிரிச்சாத்தான் கொஞ்சம் எடறுதுங்க. இப்பத்தான் கண்ணுக்கே தெரியாத கிளிப்பு வந்திருக்குதாமுங்களே. மாட்டுனாலும் வெளிய தெரியாதாமா. நேராக்கிப்போட்டு வேற போட்டோ புடிச்சுக் குடுங்க."

அவன் அம்மா சென்னியம்மாளுக்கு அந்த "வெளிய தெரியாது" ரொம்பப் பிடித்துப்போனது. "மாட்டிக்க கண்ணு. ஆனா யார்த்தகிட்டயும் சொல்லிப்போடாத. பல்லுல ஏதோ சீக்குன்னு பேசிக்குவாங்க," என்றாள். அப்பா இல்லாத வீட்டில் அம்மா சொன்னால் அதுதான் தீர்ப்பு.

அவிநாசி ரோட்டில் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது 'முறுவல் அலைனர் ஸ்டுடியோ'. ஆஸ்பத்திரி என்று வாய் தவறிச் சொன்னால் வாசல் காவல்காரரே திருத்துவார். அங்கே நோயாளி கிடையாது, 'புன்னகைப் பயணி' உண்டு. நர்ஸ் கிடையாது, 'புன்னகைத் தோழி' உண்டு. பல் டாக்டராவது உண்டா என்று கிருபாசங்கர் கேட்டான்.

"எல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்குதுங்கண்ணா," என்றாள் அவனுக்கு ஒதுக்கப்பட்ட புன்னகைத் தோழி ரம்ஷா. நல்ல பெண். வேலை நேரம் பூராவும் சிரித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று அவளுக்கு உத்தரவு. வீட்டுக்குப் போனதும் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை என்று பின்னால் ஒருநாள் அவளே சொன்னாள்.

வாய்க்குள் ஒரு கோலை விட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் பல், பஸ் ஸ்டாண்டில் ரிவர்ஸ் எடுக்கிற பஸ் மாதிரி மெல்ல நகர்ந்து வரிசையில் போய் நிற்பதைத் திரையில் ஓட்டிக் காட்டினார்கள். கிருபாசங்கருக்குப் புல்லரித்துவிட்டது. இருபத்தாறு ஜோடி ட்ரே. கண்ணாடி போல மெல்லிசான பிளாஸ்டிக் உறை, பல்லின் மேல் அப்படியே உட்காரும். பத்து நாளைக்கு ஒரு ஜோடி. நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயிலேயே இருக்கவேண்டும். மிச்சம் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு, டீ, பல் துலக்கல் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். ட்ரே வாயில் இருக்கும்போது தண்ணீர் தவிர வேறு எதுவும் உள்ளே போகக்கூடாது.

பதினான்கு பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு நெஞ்சில் கை வைத்து நிற்கச் சொன்னார்கள். "புன்னகைக்கு நானே பொறுப்பு. பல் நகராவிட்டால் அதற்கும் நானே பொறுப்பு," என்று உறுதிமொழி. கோயில் மணி அளவுக்கு ஒரு பித்தளை மணியை அடிக்கச் சொன்னார்கள். அடித்தான். ஊழியர்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று புரியாமல் இவனும் தட்டினான்.

அன்றிலிருந்து அவன் வாழ்க்கை ஒரு ஆப்புக்குள் போய்விட்டது.

ட்ரேயைக் கழற்றும்போது ஆப்பில் பொத்தானை அமுக்க வேண்டும், மாட்டியதும் அமுக்க வேண்டும். இடையில் ஓடுகிற நிமிஷத்துக்குப் பெயர் 'சுதந்திர நேரம்'. அந்தச் சாஃப்ட்வேரை முறுவல்காரர்கள் அமெரிக்காவில் எங்கேயோ வாங்கியிருந்தார்கள். அந்த ஊரில் நடுராத்திரி ஆகும்போதுதான் அதற்கு மறுநாள் பிறக்கும். நமக்கு அப்போது பகல் பன்னிரண்டரை. ஆகவே கிருபாசங்கருக்கு மட்டும் தினமும் உச்சி வெயிலில் பொழுது விடிந்தது. நேரத்தை மாற்றி வைக்கக்கூடாதா என்று கேட்டான். "பயணிங்கதான் நேரத்துக்குத் தக்கபடி மாறிக்கோணும்னு ஸார் சொல்லியிருக்கறாருங்கண்ணா," என்றாள் ரம்ஷா.

பட்டறையில் நாளுக்கு ஆறு டீ குடிப்பவன் ஒரு டீயோடு நிறுத்திக்கொண்டான். முதல் வாரம் பேச்சு குழறியது. போனில் பேசிய ஈரோட்டு வியாபாரி, "ஏனுங்க, பகல்லயே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். பத்து நாளைக்கு ஒருமுறை புது ட்ரே மாட்டினால் தாடை முழுக்க வலித்தது. வலித்தால் நல்லது, பல் நகர்கிறது என்று ஆப்பில் பூ பூத்தது. வலிக்காவிட்டால், "நீங்கள் உண்மையாக அணிகிறீர்களா?" என்று கேட்டது. ஆனாலும் கிருபாசங்கர் முறை தவறாதவன். மைக்ரோமீட்டர் வைத்து மயிரிழை அளவுக்கு இரும்பைக் கடைகிற கைக்கு அளவு என்றால் பயபக்தி. இருபத்திரண்டு என்றால் இருபத்திரண்டுதான்.

இருந்தும் இரண்டு தடவை தப்பு நடந்துபோனது. ஒரு தடவை சித்தப்பா மகள் கல்யாணப் பந்தி. அடுத்தது துடியலூரில் செங்கோடன் மாமன் வீட்டுக் கெடா விருந்து. மாமன் என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவர். அவர் வீட்டில் எழுந்திருக்கப் பார்த்தால் இலையில் இன்னொரு கரண்டி விழும். பதினெட்டு நிமிஷம் மிகையாகிவிட்டது. முதல் தப்புக்கு வந்ததுபோல மறுநாள் போனில் இன்னொரு மஞ்சள் அட்டை வந்தது, 'ஒழுங்கு ஆலோசனைக் குழு' முன் நேரில் வரவேண்டும் என்று.

குழு என்றால் ஒரே ஆள்தான். நிறுவனர் டாக்டர் ரித்விக். 'தலைமைப் புன்னகை அதிகாரி' என்று மேஜையில் பலகை. வயது நாற்பதுக்குள் இருக்கும். கையில் பெரிய கப்பில் காபி, அதைச் சொட்டுச் சொட்டாக ருசித்துக்கொண்டே பேசினார்.

"மிஸ்டர் கிருபாசங்கர், பல்லை நேராக்கறதுதான் எங்க வேலைன்னு நெனைச்சுட்டு வந்திருக்கீங்க. தப்பு. பல்லு ஒரு சாக்கு. நாங்க நேராக்கறது ஆளை. எங்க ட்ரே இதுவரைக்கும் தோத்ததே கெடையாது. பயணிங்கதான் தோத்துப்போறாங்க. பல்லு நேராச்சுன்னா அது எங்க டெக்னாலஜி. ஆகலைன்னா அது உங்க ஒழுக்கம். இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க மேல தப்பு வர்றதுக்கு எடமே இல்லாம எழுதி வெச்சிருக்கோம். அதனாலதான் தைரியமா உத்தரவாதம் தர்றோம்."

"அப்பிடீங்களா," என்றான் கிருபாசங்கர். வேறு என்ன சொல்வது? "ஏனுங்க, நீங்க ட்ரே போடறதில்லீங்களா?"

"நான் நிறுவனர்," என்றார் டாக்டர், இதைக்கூடச் சொல்லவேண்டியிருக்கிறதே என்ற வருத்தத்துடன். "இது ரெண்டாவது மஞ்சள். அடுத்தது சிவப்பு. சிவப்பு வந்தா உத்தரவாதம் ரத்து. மறுபடி ஒண்ணாம் நம்பர் ட்ரேயிலிருந்து ஆரம்பிக்கணும்."

அப்போது அவன் ஒன்பதாவது ட்ரேயில் இருந்தான். ஒன்றிலிருந்தா? போன டீயெல்லாம் போனதுதானா? லிஃப்டில் இறங்கும்போதே மிச்சம் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

சரியாக அந்தச் சமயத்தில்தான் ஒன்பதாவது ஜாதகம் பொருந்தியது. பெண் நித்யஸ்ரீ. தொண்டாமுத்தூரில் சுப்பண்ணன் மகள். விவசாயப் படிப்புப் படித்துவிட்டு வீட்டுக்குப் பின்னாலேயே காய்கறி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். சுற்றுப்பட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் தக்காளி நாற்றும் கத்தரி நாற்றும் அவளிடமிருந்துதான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்குப் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்துவிடும், அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆப்பில் புது நாள் பிறப்பதோ பன்னிரண்டரைக்கு. இந்த இரண்டு கடிகாரத்துக்கும் நடுவில் நம்ம ஆள்.

சனிக்கிழமையிலிருந்தே அவன் நிமிஷத்தைச் சேர்த்து வைத்தான். ராத்திரிச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டான். ஞாயிறு காலை டீயே குடிக்கவில்லை. ஆனால் செங்கோடன் மாமனைக் கூட்டிப்போகத் துடியலூர் போனபோது அத்தை விடுவாளா? "நல்ல காரியத்துக்குப் போறப்ப வெறும் வயித்தோடயா போறது?" என்று சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்துவிட்டாள். காரில் ஏறும்போது பதினோரு நிமிஷம் மிச்சம் இருந்தது. ஒரு தட்டு கேசரிக்கும் ஒரு தம்ளர் காபிக்கும் பதினோரு நிமிஷம் தாராளம்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்ல மாட்டார்கள், பிடிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டார்கள். தட்டு வரும். அதில் இருப்பதைத் தின்று கை நனைத்தால் சம்மதம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தால், நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். இதற்கு உறுதிமொழி கிடையாது, மணி கிடையாது. பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நித்யஸ்ரீ வந்து உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டெல்லாம் உட்காரவில்லை. "பட்டறையில ஆளு நிக்கறாங்களுங்களா? எங்க பண்ணைக்கு வர்ற ஆளுக ஒரு வாரம் தாண்டறதில்லீங்க," என்றாள். அவன் சொன்னதற்குச் சிரித்தாள். கிருபாசங்கருக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது. இவளைக் கட்டாவிட்டால் வேறு யாரையும் கட்டப்போவதில்லை என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான்.

"பலகாரம் எடுத்துட்டு வாரேனுங்க," என்று பெண்ணின் அம்மா உள்ளே போனாள். அதுதான் சமயம் என்று இவன் பின்பக்கக் குழாயடிக்குப் போனான். ட்ரேயைக் கழற்றினான், டப்பாவில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தான், ஆப்பில் பொத்தானை அமுக்கினான். பதினோரு நிமிஷம் ஓட ஆரம்பித்தது. திரும்பினால் சுப்பண்ணன் நிற்கிறார்.

"வாங்க தம்பி. முந்தாநாளு ஆனை வந்த எடத்தக் காட்டறேன்."

ஆனை வந்த இடம் தோப்பின் கடைசியில் இருந்தது. பதினாலு தென்னம்பிள்ளையைக் குருத்தோடு பிடுங்கிப் போட்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் சுப்பண்ணன் நின்றார். அது எந்த வருஷம் வைத்தது, எங்கேயிருந்து வாங்கி வந்தது என்று சொன்னார். வேலியைக் காட்டினார். சாணியைக் காட்டினார். காலடித் தடத்தில் தன் இரண்டு காலையும் வைத்து அளந்து காட்டினார். ஒரு மனுஷன் இழப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது போனை எடுத்து மணி பார்ப்பதா? பெண்ணைக் கொடுக்கப்போகிறவர் முன்னால் வாய்க்குள் கையை விட்டு ட்ரேயை மாட்டுவதா? சொல்லாதே என்று அம்மா வேறு சத்தியம் வாங்கியிருக்கிறாள். திரும்பி வந்து குழாயடியை எட்டும்போது பைக்குள் போன் உறுமியது. "இன்றைய சுதந்திர நேரம் முடிந்தது. சிவப்பு அட்டைக்கு இன்னும் அறுபது நொடி."

என்ன செய்வான்? கை தானாக ட்ரேயை மாட்டியது. பயம்தான், வேறென்ன. ஆறு வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவன் அறுபது நொடிக்குப் பயந்துவிட்டான்.

கூடத்தில் தட்டு வந்தது. முந்திரி மினுமினுக்கும் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, நுரை தளும்பும் காபி. நித்யஸ்ரீயே அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கினான். ஸ்டூலின் மேல் வைத்தான். கும்பிட்டான்.

"வேண்டாமுங்க."

செங்கோடன் மாமன் அதற்குள் பாதி பஜ்ஜியைக் கடித்திருந்தார். விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். சென்னியம்மாள் மகனை முறைத்தாள். ஏதாவது செய்தாக வேண்டுமே என்று கிருபாசங்கர் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து மடமடவென்று தண்ணீரைக் குடித்தான். ட்ரேயோடு தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்பது முறுவலின் விதி. தண்ணீர் மட்டும் குடித்தால் என்ன அர்த்தம் என்பது தொண்டாமுத்தூரின் விதி.

சுப்பண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்லதுங்க. பாத்துப் போயிட்டு வாங்க," என்றார். மரியாதையில் ஒரு குறை இல்லை. அதுதான் நெஞ்சில் ஏறியது.

காரில் சென்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டா கண்ணு, தண்ணியக் குடிச்சுப்போட்டு எந்திரிச்சு வந்துட்டயேடா! புடிக்கலைன்னா ஊட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமல்லோ?"

"புடிச்சிருக்குதும்மா."

"அப்பறம் ஏண்டா?"

"மணி முடிஞ்சுபோச்சும்மா."

செங்கோடன் மாமன் கன்னத்துப் பஜ்ஜியை இப்போதுதான் விழுங்கினார். "என்ற ஆயுசுல இப்பிடியொரு காரணத்தக் கேட்டதில்லை," என்றார்.

தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று கிருபாசங்கர் மறுநாளே முறுவலுக்குப் போனான். இந்த ஆள் சாப்பிடாதது எங்கள் விதியால்தான் என்று ஒரு கடுதாசி கொடுங்கள், கொண்டுபோய்ப் பெண் வீட்டில் காட்டுகிறேன் என்று கெஞ்சினான். ரம்ஷாவுக்குப் பாவமாக இருந்தது. கம்ப்யூட்டரில் தேடினாள்.

"'விருந்தோம்பல் விலக்கு விண்ணப்பம்'னு ஒண்ணு இருக்குதுங்கண்ணா. ஆனா ஏழு நாள் முன்னாடியே போடோணும். தட்டுல என்னென்ன வரும், ஒவ்வொண்ணயும் எத்தனை தடவை மெல்லுவீங்கன்னு எழுதோணும். பொண்ணு ஊட்டுக்காரங்க அதுல கையெழுத்துப் போடோணுங்க."

"பொண்ணே பாக்காம பொண்ணு ஊட்டுக் கையெழுத்து எப்பிடீங்க அம்மணி வாங்கறது?"

"அதுக்கு இன்னொரு விண்ணப்பம் இருக்குதுங்கண்ணா," என்றாள் ரம்ஷா. உத்தரவுப்படி சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

கதவு திறந்து டாக்டர் ரித்விக் வந்தார். கையில் அதே காபி. என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னார்கள். கப்பை மேஜையில் வைத்தார். கிருபாசங்கரின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"பாருங்க எல்லாரும்! இவர்தான் பயணி! வாழ்க்கையா ட்ரேயான்னு வந்தப்ப ட்ரேயைப் புடிச்சிருக்காரு! பொண்ணு போனா இன்னொரு பொண்ணு வரும். ஒம்பதாம் நம்பர் ட்ரே ஒரு தடவைதான் வரும். மத்த பயணிங்க எல்லாம் வாழறதுக்காகப் பல்லை நேராக்கறாங்க. பல்லுக்காக வாழறவர் இவர் ஒருத்தர்தான். இந்த மாதிரி பத்துப் பேர் கெடைச்சா எங்களுக்கு ட்ரேயே தேவையில்லை."

ஊழியர்கள் கைதட்டினார்கள். அந்த வருஷத்து 'புன்னகைத் திலகம்' விருது அங்கேயே அறிவிக்கப்பட்டது. "எனக்குக் கடுதாசி போதுமுங்க," என்றான் கிருபாசங்கர். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

பத்தே நாள். பேரூர் தாண்டித் தொண்டாமுத்தூர் போகிற ரோட்டில் இருபதடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை முளைத்தது. கும்பிட்ட கையோடு கிருபாசங்கர். உறுதிமொழி எடுத்த அன்று எடுத்த போட்டோ, கையை மட்டும் வேறு யாரிடமிருந்தோ ஒட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு தட்டு கேசரி. "பெண் பார்க்கப் போனார். கேசரி வந்தது. அவர் தொடவில்லை! ஆப் மணியடித்தது, பல் ட்ரேயைக் கழற்றவில்லை!" கையெழுத்துப் போட்ட பதினான்கு பக்கத்தில் பதினோராம் பக்கம் அதற்கும் அனுமதி கொடுத்திருந்தது.

அன்று காலை தொண்டாமுத்தூர் சந்தைக்குக் காய் கொண்டுபோன அத்தனை பேரும் திரும்பும் வழியில் சுப்பண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். "ஏனுங்க, போர்டுல இருக்கறது உங்க ஊட்டுக் கேசரிதானுங்களே?" என்று கேட்டார்கள். துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். எவ்வளவு அவமானம்!

பட்டறைக்குப் போன் வந்தது. லேத்து ஓடுகிற சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

"நித்யஸ்ரீ பேசறேனுங்க."

லேத்தை நிறுத்தினான்.

"எங்கம்மா பத்து நாளா அந்தக் கேசரியையே பேசிட்டிருக்கறாங்க. சக்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டனான்னு கேட்டுக் கேட்டு அழுகறாங்க. கடைசில பாத்தா பல்லுக் கிளிப்பு! ஏனுங்க, கிளிப்பு போட்டிருக்கறன்னு சொன்னா நாங்க என்ன கடிச்சா வெச்சிருப்போம்? கொஞ்ச நேரம் பொறுங்க, சாப்பிடறன்னு சொல்லியிருந்தா எங்கப்பா எமகண்டத்தையே தள்ளி வெச்சிருப்பாருங்க. போன்ல ஏதோ மணியடிச்சதுன்னு எங்க ஊட்டுத் தட்டத் தள்ளி வெச்சுட்டீங்க. நாளைக்கு என்னையக் கட்டிட்டு, அது சொன்னாத்தான் எங்கூடப் பேசுவீங்களா?"

'இல்லீங்க' என்று சொல்லப்போய்க் கிருபாசங்கருக்கு நாக்குக் குழறியது. ட்ரே காரணமில்லை. அவமானத்தில் காது சுட்டது.

"எனக்கு உங்களப் புடிச்சிருந்ததுங்க," என்றாள். "அதனாலதான் கூப்பிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமை எமகண்டம் கழிஞ்சு ஒன்றரைக்கு எலை போடுவோம். வந்து கை நனைச்சா நனைங்க. எலை காலியாக் கெடந்தா எங்கப்பா அடுத்த ஜாதகத்தக் கையில எடுத்துருவாரு. அவர நான் தடுக்க மாட்டேன்."

வைத்துவிட்டாள். அதே நிமிஷம் ஆப் பூப்பூவாகச் சொரிந்தது. "விருது விழா: ஞாயிறு. பரிசளிப்பு பகல் இரண்டு மணி." கூடவே ரம்ஷாவின் குரல் பதிவு. விருதாளர்கள் அன்று காலையிலிருந்து விழா முடியும்வரை ட்ரேயைக் கழற்றவே கூடாதாம். அதற்குப் பெயர் 'திலக நோன்பு'. தாங்கள் மட்டும் சாப்பிடுவது விருதாளருக்கு மரியாதையில்லை என்பதால், அரங்குக்கு வருகிற முந்நூறு பயணிகளும் அவ்வாறே இருக்கவேண்டுமாம். மீறினால் நேரே சிவப்பு.

ஞாயிறு பகல் ஒன்றரைக்கு நித்யஸ்ரீ வீட்டுக் கூடத்தில் தலைவாழை இலைகள் விரிந்தன. கிருபாசங்கர், சென்னியம்மாள், செங்கோடன் மாமன் மூவரும் உட்கார்ந்தார்கள். சுப்பண்ணன் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிருபாசங்கர் எல்லோர் முன்னாலும் வாய்க்குள் விரலை விட்டான். மேல் ட்ரே, கீழ் ட்ரே, இரண்டையும் கழற்றினான்.

"கிளிப்புங்க," என்றான். "முன்னயே சொல்லியிருக்கோணும். தப்புத்தானுங்க."

சுப்பண்ணன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "இத்தனூண்டு பிளாஸ்டிக்குக்கா இத்தன ரகள?" என்றார். கிருபாசங்கர் அதை டப்பாவில் போட்டு மூடினான். ஆப்பில் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. அரிசீம்பருப்புச் சோற்றில் நெய்யை விட்டுப் பிசைந்தான். முதல் உருண்டை உள்ளே போனதும் வாசல்படியில் நின்றுகொண்டிருந்த நித்யஸ்ரீயின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

இரண்டாவது தடவை பச்சைப்பயிறு வாங்கும்போது போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. கை எச்சில். இடது கையால் தடவி எடுக்கப்போனவன் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டான்.

"அன்பார்ந்த பயணிகளே!" கூடம் முழுக்க டாக்டர் ரித்விக்கின் குரல் மைக்கில் அதிர்ந்தது. "இதோ நம்ம புன்னகைத் திலகம் லைன்ல இருக்காரு. வழியில ட்ராஃபிக்கா இருக்கும். மிஸ்டர் கிருபாசங்கர், ட்ரேயோட ரெண்டு வார்த்தை பேசுங்க. இங்க முந்நூறு பேர் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாம உங்களுக்காகக் காத்திருக்காங்க."

கிருபாசங்கர் வாய் நிறையச் சோறு. பேச முடியவில்லை. சுப்பண்ணன் எழுந்து வந்து போனை எடுத்தார். மைக் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. தூரத்தில் இருப்பவரிடம் பேசுகிறோமே என்று தொண்டையைத் திறந்து பேசினார்.

"ஏனுங்க, மாப்பிள்ளை சாப்பிட்டுட்டு இருக்கறாருங்க. இப்பப் பேச முடியாதுங்க."

மாப்பிள்ளை! கிருபாசங்கரின் கை இலையிலேயே நின்றது. சென்னியம்மாள் செங்கோடன் மாமனின் தொடையைக் கிள்ளினாள். அவர் வலியைக்கூடக் காட்டிக்கொள்ளாமல் சிரித்தார்.

"சாப்பிடறாரா?" டாக்டரின் குரல் ஒரு கட்டை ஏறியது. "நோன்பு நாள்ல? சிவப்பு! உத்தரவாதம் ரத்து! ஒண்ணாம் நம்பர்லயிருந்து ஆரம்பிக்கணும்!"

"உங்க உத்தரவாதத்த நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க," என்றார் சுப்பண்ணன். "இங்க நாங்க இருக்கறமுங்க."

பிறகு கூட்டத்தில் யாரோ எழுந்து கேட்ட குரல் மைக்கில் தெளிவாக வந்தது. ட்ரே போட்ட குழறலோடு, பசியோடு வந்தது.

"ஏனுங்க... எலையில என்னென்னங்க இருக்குது?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சுப்பண்ணனுக்குப் பழக்கமில்லை. இலையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அரிசீம்பருப்புச் சோறு, கல்சட்டியில் கடைந்த பச்சைப்பயிறு, கத்தரிக்காய்ப் பொரியல், அது பொண்ணே வளர்த்த செடியில் காய்த்தது, கொள்ளு ரசம், எருமைத் தயிர், தேங்காய்ப் பூரணம் வைத்த ஒப்புட்டு. சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து சின்னச் சின்னதாகச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் ஒன்று, அப்புறம் நாலைந்து, அப்புறம் எண்ண முடியாதபடி. முந்நூறு பேர் ட்ரேயைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடுகிற சத்தம். "உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!" என்று டாக்டர் கத்துவது தூரத்தில் கேட்டது.

"போன வெச்சுப்போட்டு வாங்கப்பா," என்றாள் நித்யஸ்ரீ. "அவர் எலையில ஒப்புட்டு தீந்துபோச்சு." சொல்லிவிட்டு அவளே இன்னும் இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். கிருபாசங்கர் வேண்டாம் என்று சொல்லவில்லை.